ஆண்ட்ரொமீடாவில் வாய் வைத்த ஆடு

“அப்ப நடுவுல ஒண்ணுமே கிடையாதா?”

“கிடையாது வாப்பா.”

“ஒரு டீக்கடை?”

“வாப்பா!”

“இல்லட்டி, கேக்குதேன். வெளிச்சமே இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஓடுனாத்தான் அங்கன போய்ச் சேரும்னு சொல்லுதே. அவ்வளவு தூரத்துல காலாற நிக்க ஒரு இடம் வேண்டாமா? நாலாட்டின்புத்தூர் தாண்டி இடைசெவல் போறதுக்குள்ளயே மூணு டீக்கடை இருக்கு.”

ஸ்கூட்டரை ஷாஹினா ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து, மடியில் முப்பது மீட்டர் அளவு டேப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவள் வாப்பா மைதீன். சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்று அவர் பேச்சில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போக, மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவள் பதில் சொல்லி வந்தாள். காற்றாடி மரங்களைப் போல வரிசையாக நின்ற காற்றாலைகள் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

மைதீனுக்குக் கோவில்பட்டியில் பருப்பு மண்டி. உளுந்து, பாசி, துவரை. மூட்டைக்குள் குத்தூசியை விட்டு, அதில் வருகிற நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாரென்றால், அது பசுவந்தனைக் காட்டில் விளைந்ததா, கடம்பூர்ப் பக்கத்துச் சரக்கா, அறுப்பு நேரத்தில் மழை தொட்டதா என்று ஜாதகம் சொல்வதைப் போலச் சொல்லிவிடுவார். தனக்கு விளங்காத சரக்கை இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாங்கியதில்லை. ஷாஹினாவுக்கு இப்போது வந்து சேர்ந்த சங்கடமே அதுதான்.

அவள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவளை முனைவர் படிப்புக்கான நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை நேர்முகம். நாளை சாயங்காலம் ரயில். கிடைத்துவிட்டால் ஐந்து வருடம் அங்கேதான். உம்மா நபீசா பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். வாப்பாதான் “பாப்போம், பாப்போம்” என்று மூன்று நாள் இழுத்துவிட்டு, புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது தன் நிபந்தனையைச் சொன்னார்.

“நீ அங்கன என்னத்தைப் படிக்கப் போறேன்னு எனக்கு விளங்கணும். விளங்குனா தாராளமாப் போ. விளங்கலைன்னா, கடையில நாலு பேர் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?”

“உங்க வாப்பாவுக்கு விளங்குறதுக்குள்ள ரயிலு பெங்களூர் போயிட்டுத் திரும்பி வந்திரும்” என்றாள் உம்மா.

நேர்முகத்துக்கென்று நிறுவனத்தார் ஒரு கேள்வியை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். நம் சூரியன் இருக்கிற பால்வீதி மண்டலம், நமக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மண்டலமான ஆண்ட்ரொமீடா, இந்த இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் எந்த இடத்தில் எவ்வளவு ஈர்ப்பு இருக்கும்? நியூட்டனின் விதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, பத்து நிமிடத்தில் கரும்பலகையில் விளக்க வேண்டும். ஷாஹினா அதை நாலு தாளில் மணிமணியாக எழுதி வைத்திருந்தாள். நேற்று அதை மண்டிக்கு எடுத்துக்கொண்டு போய் வாப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி, முதல் தாளில் இருந்த எண்ணைப் பார்த்து, அதன் வாலில் ஆடிய நாற்பத்திரண்டு சைபரையும் விரல் வைத்து எண்ணினார்.

“இவ்வளவு சைபர் ஒரே இடத்துல நின்னா எனக்குச் சந்தேகம் வரும்மா. பேப்பர் வேண்டாம். தரையில காட்டு.”

தரையில் காட்ட வேண்டுமென்றால் இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு வெறுந்தரை வேண்டும். அவர்கள் வீடு இருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இன்று வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வாப்பாவும் மகளும் இடைசெவலுக்கு ராமசுப்புவின் காட்டைத் தேடி வந்தார்கள்.

ராமசுப்பு மைதீனுக்கு இருபது வருடத்துப் பாசி கொடுக்கிறவர். கொடுக்கல் வாங்கல் என்றைக்கோ மச்சான் மாப்பிள்ளை முறையாகிவிட்டது. காட்டில் பருத்திமார் என்கிற காய்ந்த செடிகளைப் பிடுங்கி, மண் வெறுமனே கிடந்தது. வெயிலுக்குக் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செருப்பு உள்ளே விழுந்தால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“மருமகளே, ரெண்டு சுளகும் உளுந்தும் கொண்டாரச் சொன்னியேன்னு கொண்டாந்துட்டேன். என்ன, பேய் ஓட்டப் போறியா?” என்றார் ராமசுப்பு.

“இல்ல மாமா. வானத்தை இறக்கப் போறேன்.”

“நல்லா இறக்கு. அதுலயாவது மழை வருதான்னு பாப்போம்.”

ஷாஹினா புடைக்கிற சுளகு ஒன்றில் ஒரு கிலோ உளுந்தைப் பரப்பினாள். மைதீன் சுளகைக் கையில் ஏந்திப் பார்த்து, “நாலு மணி கூட இருக்கு” என்று நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு சுளகில் ஒன்றரைக் கிலோ. டேப்பைப் பிடித்து இருபத்தைந்து மீட்டர் அளந்து, இந்தக் கோடியில் ஒரு கிலோவும் அந்தக் கோடியில் ஒன்றரைக் கிலோவும் வைத்தார்கள்.

“இது நம்ம பால்வீதி. சூரியன், பூமி, கோவில்பட்டி, நீங்க, நான், எல்லாம் இதுக்குள்ளதான். அது ஆண்ட்ரொமீடா. நம்மளைவிட ஒண்ணரை மடங்கு கனம்னு வச்சுக்கிடுவோம். ஒரு மீட்டர்னா ஒரு லட்சம் ஒளியாண்டு.”

“பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் கனத்த ஆளு” என்றார் மைதீன்.

“ஆமா. இப்ப, எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்குது. கனம் கூட இருந்தா இழுப்பு கூட. தூரம் கூடக் கூட இழுப்பு கொறையும். இவ்வளவுதான் நியூட்டன் சொன்னது.”

“நல்ல மனுசன். சுருக்கமாச் சொல்லியிருக்கார். எவ்வளவு இழுக்கும்?”

“நட்ட நடுவுல நின்னா, நம்ம பால்வீதி இழுக்குற இழுப்பு, பூமி நம்மளை இழுக்குறதுல பத்து லட்சம் கோடியில ஒரு பங்கு.”

மைதீன் நின்றுவிட்டார். “பத்து லட்சம் கோடியிலயா? ஒரு மூட்டை உளுந்தை அங்கன தூக்கி வச்சா?”

“ஒரு தூசி கனங்கூட இருக்காது.”

“இந்தத் தூசிக்கா அஞ்சு வருஷம்?”

“இந்தத் தூசிதான் வாப்பா ரெண்டு மண்டலத்தையும் கிட்ட கிட்ட இழுத்துக்கிட்டு வருது. விநாடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அவள் ஒரு பருத்திமார்க் குச்சியை எடுத்துக்கொண்டு பால்வீதியிலிருந்து அளந்து நடந்தாள். பதினைந்தாவது மீட்டரில் நின்று, குச்சியை ஒரு வெடிப்பில் செருகினாள்.

“இங்கன ஒருத்தர் நின்னார்னா, ரெண்டு பக்க இழுப்பும் சரிசமம். எந்தப் பக்கமும் போக மாட்டார். இதைக் கண்டுபிடிக்கதுதான் என் கடைசித் தாளு.”

மைதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கோட்டில் நடந்தார். குச்சியருகே வந்து நின்றார். அந்தப் பக்கம் பத்து மீட்டரில் ஒன்றரைக் கிலோ. இந்தப் பக்கம் பதினைந்து மீட்டரில் ஒரு கிலோ. இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். தோளை ஒரு தடவை உலுக்கினார். பிறகு பெரிய சிரிப்பு ஒன்று அவருடைய தாடிக்குள்ளிருந்து கிளம்பியது.

“ஏட்டி! இது நம்ம தண்ணிக் காவடில்லா!”

ஷாஹினாவுக்கும் சிரிப்பு வந்தது. அவள் எட்டாவது படித்த வருடம், கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருவது அமாவாசை, பௌர்ணமி போல ஆகியிருந்தது. லாரி வந்து நிற்கும் முக்கிலிருந்து வாப்பாவும் அவளும் ஆளுக்கொரு கம்பின் இரு முனையிலும் குடத்தைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி வருவார்கள். அவளுக்கு ஒரு பெரிய குடம், ஒரு சின்னக் குடம்.

“கனத்த குடம் எந்தப் பக்கமோ, தோளை அந்தப் பக்கம் தள்ளிக் கொடுக்கணும். அப்பத்தான் கம்பு சாயாது. ஒரு கிலோவுக்குப் பதினஞ்சு, பதினஞ்சு. ஒண்ணரைக்குப் பத்து, அதுவும் பதினஞ்சு. சரியாப் போச்சா? இதுக்குப் போயா நாலு தாளு!”

“அதேதான் வாப்பா. அதேதான்.”

“விளங்கிட்டுட்டி. சுத்தமா விளங்கிட்டு.” அவர் அவள் தலையில் கை வைத்தார். “போயிட்டு வா. அவியகிட்ட போய், என் வாப்பா இதைத் தோள்லயே சொமந்திருக்காருன்னு சொல்லு.”

அவ்வளவு லேசாக அது முடிந்துவிடும் என்று ஷாஹினா நினைத்திருக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மைதீன் அதற்குள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டுவிட்டார். “நபீசா, எனக்கு விளங்கிட்டு... என்னத்தையா? வானத்தைத்தான்! ஆமா, அனுப்புதேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கும் சொல்லித் தாரேன். ரெண்டு குடத்தை எடுத்து வையி.”

அந்த நேரத்தில்தான் ராமசுப்புவின் ஆடு வந்தது. வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட சினையாடு. யாரும் பார்க்கவில்லை. நேரே போய் ஆண்ட்ரொமீடாவில் வாய் வைத்துவிட்டது. ராமசுப்பு வீட்டுத் தெலுங்கில் அதன் பாட்டனார்வரை இழுத்து வைதுகொண்டே ஓடினார்.

“விரட்டாதீங்க மாப்ளே, விரட்டாதீங்க! நில்லுங்க!” மைதீனுக்கு இப்போது உற்சாகம் பிடிபடவில்லை. “கால் கிலோ உள்ள போயிருக்கும். ஷாஹி, இப்ப பக்கத்து வீட்டுக்காரி எளைச்சிட்டா. குச்சி எங்கிட்டு நகரணும், சொல்லு? நானே சொல்லுதேன். அங்கன கனம் கொறைஞ்சிட்டு, அதனால தோள் நம்ம பக்கம் வரணும். குச்சியை இங்கிட்டு நகத்து. சரிதானே?”

சரி என்று சொல்லத்தான் ஷாஹினா வாயைத் திறந்தாள். குச்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

குச்சியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். ஒரு துகளாக, இருட்டில், தன்னந்தனியாக. இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஓர் ஆடு மேய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து இழுப்பு குறைந்துவிட்டது. இப்போது நம் பக்கம்தான் ஜெயிக்கும். மறுபடியும் சமமாக வேண்டுமானால் நம் பக்கத்தை விட்டு விலகிப் போக வேண்டும். அப்படியானால் குச்சி அந்தப் பக்கம் நகர வேண்டும். வாப்பா இந்தப் பக்கம் என்கிறார். அவர் சொல்வது அவளுடைய கடைசித் தாளின்படி அச்சு அசல் சரி.

“அஸருக்கு நேரமாயிட்டு. தொழுதுட்டு வந்துருதேன். நீ குச்சியை நகத்தி வையி” என்று மைதீன் பம்புசெட்டுப் பக்கம் நடந்தார். வெடிப்புகளைச் சின்னப் பிள்ளையைப் போலத் தாண்டித் தாண்டிப் போனார்.

ஷாஹினா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, குச்சியைப் பிடுங்கிக் கரிசலில் எழுதினாள். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு பாதியாகாது, கால்வாசியாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. முதல் மூன்று தாளிலும் இதைத்தான் போட்டிருந்தாள். நம் பக்கம், பதினைந்துக்குப் பதினைந்து, இருநூற்று இருபத்தைந்தில் ஒன்று. அந்தப் பக்கம், பத்துக்குப் பத்து, நூற்றில் ஒன்றரை. சமமா? கிட்டத்தில்கூட இல்லை. அந்தப் பக்கம் மூன்று மடங்குக்கு மேல் பலமாக இழுக்கிறது. குச்சி இருந்த இடத்தில் எந்தத் துகளும் ஒரு நிமிடம் நிற்காது. நேரே ஆண்ட்ரொமீடாவுக்குப் போய்ச் சேரும்.

நாலாவது தாளில் மட்டும், ராத்திரித் தூக்கக் கலக்கத்தில், ‘சமம்’ என்று எழுதியவுடன் அவள் கை தானாக எடையைத் தூரத்தால் பெருக்கியிருக்கிறது. புத்தகத்தில் படித்த கணக்கைத் தோளில் படித்த கணக்கு தள்ளிவிட்டிருக்கிறது.

“என்ன மருமகளே, முகம் சுண்டிப் போச்சு?” ஆட்டைக் கட்டிவிட்டு வந்த ராமசுப்பு பக்கத்தில் குத்தவைத்தார்.

“தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன் மாமா. குச்சி இருக்க வேண்டிய இடம் அது இல்ல. ஆடு வாறதுக்கு முன்னயே நம்ம பக்கம் தள்ளி இருந்திருக்கணும்.”

“உங்க வாப்பாவுக்குத்தான் நல்லா விளங்கிச்சே.”

“தப்புத்தான் விளங்கிச்சு.”

ராமசுப்பு பம்புசெட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. ராத்திரி உன் தாளைத் திருத்திக்க. நாளைக்கு ரயில் ஏறு. அங்க போய்ச் சேந்து, இடமும் கெடைச்சிட்டுன்னு வையி, அப்புறம் ஒருநாள் போன்ல மெள்ளச் சொல்லு. மச்சான் என்ன, ஆண்ட்ரொமீடாவுக்குப் போய்க் குச்சியை நட்டுப் பாக்கவா போறாரு? இப்பச் சொன்னேன்னா, விளங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருவாரு. அவரு வார்த்தை உனக்குத் தெரியும்.”

தெரியும். அதனால்தான் அந்த யோசனை அவளுக்கு இனித்தது. யாருக்கும் நஷ்டமில்லை. திங்கட்கிழமை அவள் சரியாகச் சொல்வாள். வாப்பா மண்டியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற ஆட்களிடமெல்லாம், துவரை மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் நடுவே, சந்தோஷமாகக் காவடிக் கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்சிதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேலே முற்றின மணியும் அடியில் ஈரமணியுமாகச் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு வருவதை அவள் பார்த்திருக்கிறாள். வாப்பா சத்தம் போட மாட்டார். மூட்டையின் வாயை மெதுவாக மூடி, அந்த ஆளுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்புறம் அந்த ஆளின் பெயரை அவர் எடுக்கவே மாட்டார்.

தொழுதுவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே மைதீன் வந்தார். “நகத்திட்டியா?”

“வாப்பா, நான் சொன்னது தப்பு.”

“எது?”

“குச்சி நின்ன இடம்.”

“அதுதான் எனக்கு விளங்கிட்டே.”

“விளங்குனதுதான் தப்பு.”

“தப்பு எப்பிடிட்டி விளங்கும்?”

ராமசுப்பு ஆட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷாஹினா எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“காவடில நடுவுல ஒரு கம்பு இருக்கு வாப்பா. அங்கன கம்பு கிடையாது. நீங்கதானே கேட்டீங்க, நடுவுல ஒண்ணுமே கிடையாதான்னு. கம்பு இருந்தா, குடம் தோளைவிட்டுத் தள்ளிப் போகப் போக நமக்குக் கனம் கூடும். இங்க தள்ளிப் போகப் போக இழுப்பு கொறையும். ரெண்டும் நேர் எதிர். நான் ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல மாட்டிட்டேன்.”

அவள் மண்ணில் எழுதியிருந்ததை மைதீன் குனிந்து பார்த்தார். இருநூற்று இருபத்தைந்து. நூறு. அவருடைய உதடு அசைந்தது. மனக்கணக்கில் அவரை மண்டித் தெருவிலேயே அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“அப்ப சமம் எங்கன?”

“நீங்களே பாருங்க. ஆடு தின்னதை விட்டுருங்க, பழைய ஒண்ணரைக் கிலோதான். பதினொண்ணேகால் மீட்டர்னு வச்சுப் பாருங்க. அப்ப அந்தப் பக்கம் பதிமூணேமுக்கால். தூரத்தைத் தூரத்தால பெருக்கணும். அதுதான் ஆட்டம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஓடியது. “பதினொண்ணேகாலைப் பதினொண்ணேகால்... நூத்தி இருபத்தாறரை, சில்லறை. பதிமூணேமுக்காலை... நூத்தி எண்பத்தொம்பது, சில்லறை.” கண்ணைத் திறந்தார். “நூத்தி எண்பத்தொம்பது இதுல ஒண்ணரை மடங்கு. ஒரு நூல் கொறையுது.”

“அந்த நூலைச் சரிக்கட்டினா பதினொண்ணு மீட்டர், இருபத்திநாலு சென்டி.”

மைதீன் டேப்பைத் தானே எடுத்துக்கொண்டு போனார். பால்வீதிச் சுளகில் முனையை மாட்டி, இழுத்துக்கொண்டே நடந்து, பதினொன்று இருபத்திநாலில் நின்றார். இப்போது அந்தப் பெரிய சுளகு அவருக்குத் தூரத்தில் இருந்தது. சின்னச் சுளகு கிட்டத்தில். மயில் ஒன்று ஓடைப்பக்கத்து வேலிமுள்ளுக்குள்ளிருந்து அகவியது.

“மாப்ளே,” என்றார் திடீரென்று, “மாசியில உங்க ஊர்க் கோயில் கொடைக்குப் பாட்டுப் போட பெரிய குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தீங்கள்ளா? அதே நேரம் அந்தக் கோடியில ஒரு கல்யாண வீட்டுல சின்னக் குழாய். நான் பந்திக்கு நடந்து வாரேன். ரெண்டு பாட்டும் ஒண்ணுபோல காதுல விழுந்து, எது எந்தப் பாட்டுன்னே விளங்காம மண்டை காஞ்சு போச்சே, ஒரு இடம். அது எங்கன?”

ராமசுப்பு யோசித்தார். “கல்யாண வீட்டுக்கிட்டல்லா?”

“கிட்ட. சின்னக் குழாய்க்குக் கிட்ட. பெரிய குழாய்க்குக் கிட்ட நின்னா சின்னது எப்பிடிக் காதுல விழும்?” மகள் பக்கம் திரும்பினார். “இது அந்தக் கணக்குத்தானே?”

“அதேதான் வாப்பா” என்று சொல்ல வந்தவள், ஒரு நிமிடம் பயந்து, நிறுத்தி, மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். திறந்த வெளியில் சத்தமும் தூரத்தைத் தூரத்தால் பெருக்கித்தான் தேயும். “ஆமா வாப்பா. இது சரி. நல்லாப் பாத்துட்டேன்.”

மைதீன் தலையாட்டினார். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. குச்சியை வாங்கி அந்த இடத்தில் ஊன்றினார். அது நிற்காமல் சாய்ந்தது. குனிந்து, சுற்றிலும் மண்கட்டியை உடைத்துப் போட்டு அணைத்தார். குனிந்தபடியேதான் பேசினார்.

“ஒண்ணு கேக்கணும்மா. மொதல்ல காவடின்னப்பவும் எனக்கு நல்லா விளங்கிச்சு. இப்பக் குழாயின்னப்பவும் நல்லா விளங்குது. உள்ளுக்குள்ள ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அப்ப நான் விளங்கிட்டுன்னு சொல்லுறதுக்கு என்ன மதிப்பு?”

இன்னொரு மண்கட்டியை எடுத்து உடைத்தார்.

“கடையில நாலு பேர் கேப்பாங்கன்னு சொன்னது சும்மாட்டி. எவன் கேக்கப் போறான். நீ பத்தாங்கிளாஸ் படிக்குத வரைக்கும், நீ தூங்குனப்புறம் உன் புஸ்தகத்தை எடுத்து நானும் படிப்பேன். நான் எட்டாங்கிளாசு. முட்டி மோதி உன் பத்து வரைக்கும் வந்துட்டேன். அதுக்கப்புறம் நீ படிச்சது ஒண்ணுமே எனக்கு எட்டலை. நீ அடுக்களையில நின்னு உங்க உம்மாகிட்ட ஏதாவது சொல்லுவே, நான் முன்னறையில இருந்து ஆமா ஆமாம்பேன். அதான் ஒரே ஒரு தடவையாவது உன்கூட ஒண்ணா நின்னு ஒண்ணைப் பாக்கணும்னு நெனைச்சேன். பாத்தாச்சு. ஆனா அங்கன போய் நீ அஞ்சு வருஷம் போன்ல என்ன சொன்னாலும் நான் விளங்குதுன்னுதான் சொல்லப் போறேன். எது சரி, எது தப்புன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் நிமிர்ந்தார். முட்டியில் கரிசல் அப்பியிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை அவருக்கு.

‘உங்களுக்குத் தெரியும்’ என்று ஆறுதல் சொல்லலாம். அதற்கும் அவர் தலையாட்டுவார். ஷாஹினா ஒரு வெடிப்பைத் தாண்டி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தெரியாது வாப்பா. எனக்கே பல நேரம் தெரியாது. இன்னைக்கு ஒரு ஆடு வந்து எனக்குச் சொல்லிச்சு. அங்கன ஆடு இருக்குமா என்னன்னு தெரியலை.”

ராமசுப்பு அந்தப் பக்கம் திரும்பியே கனைத்தார்.

“ஆனா நான் தப்புன்னு எனக்கு என்னைக்குத் தெரியுதோ, அன்னைக்கே உங்களுக்கும் தெரியும். மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன். அதுக்கப்புறந்தான் வாத்தியாருக்கு. இதை மட்டும் என்னால சொல்ல முடியும்.”

மைதீன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையிலிருந்து எடுத்த மணிகளைப் பார்ப்பதுபோல இல்லை. வேறு மாதிரிப் பார்த்தார். காற்று இறங்கிவிட்டது. நாலரை மணி ரயில் கடம்பூர்ப் பக்கம் கூவிக்கொண்டு போனது.

ஷாஹினா தோள்பையிலிருந்து நாலாவது தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“அப்ப போயிட்டு வான்னு சொன்னீங்கள்ளா, வாப்பா? அது தப்பான கணக்குக்குச் சொன்னது. அது எனக்கு வேண்டாம். நான் திருப்பிக் குடுத்துருதேன். இப்ப, சரியான இடத்துல நின்னுக்கிட்டு இருக்கீங்க. இங்கன நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”